'எல்லாம் ரெடி, நீங்கள் வந்தால் போதும்' என்கிறார்கள். போகலாமா?

கேள்வி: எனக்கு 25 வயது. சேலத்தில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை. இரண்டு வருடத்துக்கு முன் உத்தரகாசியில் 28 நாள் அடிப்படை மலையேற்றப் பயிற்சி முடித்து 'ஏ' கிரேடு வாங்கினேன். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சாகச முகாம் நடத்தும் ஒரு நிறுவனம், மாதம் இரண்டு வாரக்கடைசி ஏற்காட்டுக்கு வரச் சொல்கிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 40 பேர். காலையில் மலைநடை, பிறகு 50 அடிப் பாறையில் ராப்பெலிங், அதாவது கயிற்றைப் பிடித்துப் பாறையில் இறங்குவது. "ஆறு மணிக்கு ஸ்பாட்டுக்கு வந்துவிடுங்கள், எல்லாம் ரெடியாக இருக்கும், நீங்கள் வந்தால் போதும்" என்கிறார்கள். எனக்கு ஆசைதான். என் பயிற்சி இதற்குப் போதுமா? ஒப்புக்கொள்ளும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: போகலாம். ஆனால் 'நீங்கள் வந்தால் போதும்' என்ற அந்த ஒரு வரியை மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். பகுதிநேரமாகப் போகிறவர்களுக்கு ஆபத்து அங்கேதான் இருக்கிறது. முழுநேரம் இருப்பவருக்கு அந்தக் கயிறு எத்தனை வருடத்துக் கயிறு, அந்தப் பாறையில் எங்கே தேன்கூடு இருக்கிறது, போன வாரம் எந்த ஹார்னஸின் (இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் பட்டை) பக்கிள் வழுக்கியது என்பதெல்லாம் தெரிந்திருக்கும். சனிக்கிழமை காலை வந்து இறங்குகிறவருக்கு எதுவும் தெரியாது. வேறொருவர் கட்டிய முடிச்சில், முன்பின் பார்த்திராத பிள்ளையைத் தொங்கவிட வேண்டியிருக்கும். அதனால் முதல் நிபந்தனையாக இதைக் கேளுங்கள்: வெள்ளி மாலை வெளிச்சம் இருக்கும்போதே நீங்கள் ஏற்காட்டில் இருக்க வேண்டும். பாறையையும் சாமானையும் பார்க்க இரண்டு மணி நேரம், பிறகு ஏழு மணி நேரத் தூக்கம். அந்த வெள்ளி மாலைக்கும் சம்பளம் கேளுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம், அதுவும் வேலைதான். வாரம் முழுக்க ஆபீஸ் வேலை பார்த்துவிட்டு, விடியற்காலை எழுந்து மலையேறி, தூக்கக் கலக்கத்தோடு பிலே (விழாமல் தாங்கும் பாதுகாப்புக் கயிறு) பிடிக்கும் கை நம்பத்தக்கதல்ல.

உங்கள் பயிற்சியைப் பற்றி. அடிப்படைப் பயிற்சி உங்களை நல்ல மலையேறியாக ஆக்குகிறது. பாறை, பனி இரண்டிலும் உங்களை நீங்களே பார்த்துக்கொள்ளக் கற்றுக்கொண்டீர்கள். மற்றவர்களை இறக்கிவிடக் கற்றுக்கொடுப்பது வேறு படிப்பு. 'ஏ' கிரேடு இருப்பதால் மேல்நிலைப் பயிற்சிக்குப் போகலாம். அதிலும் 'ஏ' வாங்கினால் 'மெதட் ஆஃப் இன்ஸ்ட்ரக்‌ஷன்' என்ற பயிற்றுநர் படிப்பு இருக்கிறது. உத்தரகாசி, டார்ஜீலிங், மணாலி மூன்று இடத்திலும் நடக்கிறது. அதை முடிக்கும்வரை ராப்பெலிங்கில் உங்கள் பதவி 'உதவிப் பயிற்றுநர்' என்று எழுத்தில் இருக்கட்டும். ஆங்கர் (கயிற்றை மேலே கட்டி நிறுத்தும் பிடிமானம்) போடுவதும், இன்று இறக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்வதும் தகுதி உள்ள ஒருவர் பொறுப்பு. அவர் பெயர் என்ன, அன்று நேரில் இருப்பாரா என்று கேளுங்கள். 'ஃபோனில் இருப்பார்' என்றால் ஆள் இல்லை என்றே அர்த்தம். மலைநடையை வழிநடத்த இப்போதே உங்களால் முடியும். அதற்கும் முதலுதவிச் சான்றிதழ் வேண்டும். வனப்பகுதி முதலுதவிப் பயிற்சி இரண்டு நாள்தான். ஆஸ்பத்திரி ஒரு மணி நேரத்துக்கு அப்பால் இருக்கும்போது என்ன செய்வது என்பதைத்தான் அதில் சொல்லித்தருவார்கள். முகாமுக்கு முன் அதை முடித்துவிடுங்கள்.

இனி சாமான். வெள்ளி மாலை கயிற்றைத் தரையில் ஒரு படுதா விரித்து அதன்மேல் முழுக்க அவிழ்த்துப் போடச் சொல்லுங்கள். ஒரு முனையில் தொடங்கி மறுமுனைவரை, கையுறை இல்லாமல், இரண்டு விரலுக்கு நடுவே மெதுவாக இழுத்துப் பாருங்கள். கண்ணுக்குப் பளிச்சென்று இருக்கும் கயிற்றில் விரலுக்கு மட்டும் தெரியும் குறைகள் உண்டு: ஓரிடத்தில் தட்டையாக அமுங்கும், ஓரிடத்தில் கட்டியாக நிற்கும், ஓரிடத்தில் உள்ளே எதுவுமே இல்லாததுபோல் மடங்கும். உள்நூல் அடி வாங்கியிருக்கிறது என்று அர்த்தம். மேலுறை கிழிந்து வெள்ளை நூல் தெரிந்தால் கேள்வியே இல்லை, ஒதுக்கிவிட வேண்டியதுதான். இறங்குவதற்கு 10.5 முதல் 11 மில்லிமீட்டர் ஸ்டாடிக் (அதிகம் நீளாத) கயிறு வேண்டும், முனையில் தயாரித்த வருடம் அச்சிட்ட லேபிள் இருக்க வேண்டும். பயன்படுத்தாமல் பெட்டியிலேயே கிடந்தாலும் பத்து வருடத்துக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதுதான் நைலான் கயிறு, ஸ்லிங் (வளையமான நாடா), ஹார்னஸ் தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. வாராவாரம் பாறையில் தேய்கிற கயிற்றின் ஆயுள் அதைவிட மிகக் குறைவு. கயிறு எதில் வந்தது என்றும் கேளுங்கள். வேனின் டிக்கியில் பழைய பேட்டரியோடு வந்திருந்தால், ஆசிட் பட்டிருந்தும் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். ஹார்ட்வேர் கடைக் கயிறு என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். கட்டட வேலை ஹெல்மெட்டும் அப்படித்தான். தலைகீழாகச் சாய்ந்தால் அது கழன்று விழும்.

ஆங்கரில் நீங்கள் பார்க்க வேண்டியது, ஒன்று போனாலும் இன்னொன்று தாங்குமா என்பது. குறைந்தது இரண்டு தனித்தனிப் பிடிகள் வேண்டும். ஒரே மரத்தில் இரண்டு ஸ்லிங் போட்டால் அது ஒரு பிடிதான். இரண்டு ஸ்லிங்குக்கும் நடுவில் உள்ள கோணத்தையும் கவனியுங்கள். 60 டிகிரி என்றால் ஒவ்வொரு பிடியும் எடையில் 58 சதவீதம் சுமக்கும். அதுவே 120 டிகிரியாக விரிந்தால், இரண்டு பிடி இருந்தும் ஒவ்வொன்றும் முழு எடையையும் சுமக்கும். ஸ்லிங் நீளம் போதாமல் அகலமாக இழுத்துக் கட்டுகிறவர்கள் இதை யோசிப்பதில்லை. காராபினர்களெல்லாம் (கயிறு மாட்டும் உலோகக் கொக்கிகள்) திருகி மூடுகிற வகையாக இருக்கட்டும், திருகு கீழ்நோக்கி மூடும்படி மாட்டுங்கள். கயிறு பாறை விளிம்பில் உரசும் இடத்தில் மடித்த சாக்கு போட்டு, சாக்கு நழுவாமல் அதையும் கட்டுங்கள்.

பிள்ளைகள் இறங்கும் கயிறு ஒன்று, பாதுகாப்புக்குப் பிடிக்கும் பிலே கயிறு இன்னொன்று. இரண்டும் வெவ்வேறு ஆங்கரில் இருக்க வேண்டும். 'கீழே ஒருத்தர் கயிற்றை இழுத்துப் பிடித்தால் நின்றுவிடும், பிலே எதற்கு' என்று சிலர் சொல்வார்கள். நின்றுவிடும் என்பது உண்மைதான். ஆனால் பிள்ளையின் ஹார்னஸ் சரியாக மாட்டாமல் இருந்தாலும், டிசெண்டர் (கயிறு ஓடும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) காராபினரில் இருந்து கழன்றாலும், முடி சிக்கிக்கொண்டாலும் கீழே நிற்பவரால் ஒன்றும் செய்ய முடியாது. பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனி பிலே இல்லாத ராப்பெலிங்கில் நிற்காதீர்கள்.

முடி சிக்குவதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் பள்ளிப் பிள்ளைகளிடம் அதிகம் எதிர்பார்க்க வேண்டிய கோளாறு இதுதான். இரட்டைச் சடை. ரிப்பன் கட்டி மடித்திருந்தாலும், குனிந்து காலைப் பார்க்கும்போது சடை முன்னால் வந்து விழும். எட்டு வடிவ டிசெண்டருக்குள் ஓடும் கயிறு முதலில் நுனிமுடி நாலைப் பிடிக்கும். பிள்ளை பயந்து இன்னும் கொஞ்சம் கயிறு விடும், உடனே சடை வேர்வரை உள்ளே போய்விடும். தலை டிசெண்டரோடு ஒட்டிக்கொள்ளும், பிள்ளை அலறும். துப்பட்டாவும், கழுத்தில் தொங்கும் ஐடி கார்டு நாடாவும், தொளதொளவென்ற பனியன் முனையும் இதையேதான் செய்யும். ஐடி கார்டு நாடா கழுத்தை இறுக்கும் என்பதால் அது இன்னும் மோசம். ஆகவே வரிசையில் நிற்கும்போதே சடை இரண்டையும் சட்டைக்குள் முதுகுப்பக்கம் விட்டு, மேலே ஹெல்மெட். மோதிரம், வளையல், ஐடி கார்டு எல்லாம் பைக்குள். இதற்கென்றே ஒருவரை நிறுத்துங்கள்.

அப்படியும் சிக்கிவிட்டால் என்ன செய்வது என்பது கயிறு கட்டும்போதே முடிவாகிவிடுகிறது. இறங்கும் கயிற்றை ஆங்கரில் இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தால் வழியே இல்லை. அதை ஆங்கரில் மாட்டிய இன்னொரு எட்டு வடிவ டிசெண்டர் வழியாகச் சுற்றிப் பூட்டி வைக்க வேண்டும். 15 மீட்டர் பாறைக்கு 40 மீட்டர் கயிறு என்றால், கீழே போனது போக மிச்சம் மேலேயே சுருட்டி இருக்கும். சிக்கியவுடன் முதலில் பிலே கயிற்றை நன்றாக இறுக்கிப் பிடிக்க வேண்டும். பிறகு இறங்கும் கயிற்றின் பூட்டை அவிழ்த்து மெதுவாகத் தளர்த்தினால் பிள்ளையின் எடை பிலே கயிற்றுக்கு மாறும். டிசெண்டர் தொளதொளப்பாகும், இழுப்பு நின்றதும் அழுகையும் குறையும். சடையை அங்கேயே எடுக்க முடிந்தால் எடுக்கலாம். முடியாவிட்டால் இரண்டு கயிற்றையும் சேர்த்து விட்டுக் கீழே இறக்கிவிட்டு நிதானமாக எடுக்கலாம். எந்த நிலையிலும் யாரும் கத்தியை எடுக்கக் கூடாது. எடையில் விறைத்து நிற்கும் கயிற்றைக் கத்தி தொட்டாலே போதும், அறுந்துவிடும். இந்த முறையை உங்கள் குழு வெள்ளி மாலை ஒரு பெரியவரைத் தொங்கவிட்டு இரண்டு முறை செய்து பார்க்கட்டும். செய்து காட்டத் தெரியவில்லை என்றால் மறுநாள் ராப்பெலிங் வேண்டாம்.

அடுத்தது நேரக் கணக்கு. ஒரு பிள்ளையை மாட்டி, சோதித்து, தைரியம் சொல்லி, இறக்கி, கழற்றிவிட 7 நிமிடம் ஆகும். 40 பிள்ளைகள், ஒரு கயிறு என்றால் 280 நிமிடம். சாப்பாட்டைச் சேர்க்காமலே கிட்டத்தட்ட நாலேமுக்கால் மணி நேரம் ஆகிறது. 'இரண்டு மணிக்கு பஸ்' என்று அட்டவணையில் இருந்தால், பன்னிரண்டரைக்கு மேல் எல்லோரும் அவசரப்படுவார்கள். சோதனை 'ஓகே ஓகே' ஆகிவிடும். பக்கிள் பின்னால் மடித்து இறுக்கப்படாமல் ஒரு பிள்ளை விளிம்புக்குப் போவது அந்த நேரத்தில்தான். எனவே முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: ஒன்று, சனிக்கிழமை 20 பேர், ஞாயிற்றுக்கிழமை 20 பேர். அல்லது இரண்டு கயிறு, ஒவ்வொன்றுக்கும் விளிம்பில் ஒருவர், பிலேயில் ஒருவர், கீழே ஒருவர். காத்திருக்கும் பிள்ளைகளை பாறை அடியில் இருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளி நிழலில் உட்கார வைக்க இன்னும் ஒருவர். காத்திருக்கும் பிள்ளைகளுக்கும் ஹெல்மெட் தலையில் இருக்கட்டும். மேலே யாராவது காலால் தட்டிய எலுமிச்சை அளவுக் கல் போதும், மண்டை உடைய.

விளிம்பில் உறைந்து நிற்கும் பிள்ளை கட்டாயம் இருக்கும். முதல் ஒரு மீட்டர்தான் எல்லோருக்கும் கஷ்டம், காலுக்குக் கீழே ஒன்றுமில்லாத பக்கம் பின்னால் சாய வேண்டும் என்பதை உடம்பு ஏற்காது. அதனால் பாறைக்கு வருமுன் ஐந்தாறு மீட்டர் சாய்வான மண்சரிவில் எல்லோரையும் ஒருமுறை பின்னோக்கி நடக்க வையுங்கள். விளிம்பில் நின்றுவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்து, கண்மட்டத்தில் பேசுங்கள். 'ரெண்டு அடி மட்டும் வா, அப்புறம் நின்னுக்கலாம், வேணாம்னா மேலேயே வந்துடலாம்' என்று சொல்லுங்கள், சொன்னபடியே விடவும் செய்யுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று எண்ணாதீர்கள். கீழே இருக்கிற பிள்ளைகள் பெயர் சொல்லிக் கூச்சல் போடுவதை நிறுத்துங்கள், அது உற்சாகமல்ல, நெருக்கடி. கூட வந்த பி.டி. சார் 'எங்க பசங்க தைரியசாலிங்க, தள்ளி விடுங்க மேடம்' என்பார். பாசத்தில் சொல்வதுதான், ஆனாலும் பாறையில் கடைசிச் சொல் பயிற்றுநருடையது என்று பள்ளியிடம் முன்கூட்டியே எழுதி வாங்கியிருந்தால் அங்கே வாக்குவாதம் வராது.

மலைத்தேனீயைப் பற்றி ஒரு வார்த்தை. செங்குத்துப் பாறையின் தொங்கலில் ஒரு முழத்துக்கு மேல் அகலமாகக் கறுப்பாகத் தொங்குவது கூடு. வெள்ளி மாலை அதையும் தேடிப் பாருங்கள். ஒரு கூடு தெரிந்தாலும் அந்தப் பாறையை விட்டுவிடுங்கள். சென்ட், பாடி ஸ்பிரே, புகை, ஸ்பீக்கர், ட்ரோன் எதுவும் வேண்டாம். தேனீக்கள் கிளம்பிவிட்டால் முகத்தை மூடிக்கொண்டு ஓட வேண்டும், படுக்கக் கூடாது, தண்ணீரில் குதிக்கக் கூடாது. கொடுக்கை உடனே எடுக்க வேண்டும், எந்த முறையில் எடுக்கிறோம் என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் என்பதே முக்கியம். உதடு வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ 108, நேராக ஆஸ்பத்திரி. கயிற்றில் தொங்கும் பிள்ளையால் ஓட முடியாது என்பதை நினைவில் வைத்தால், கூடு இருக்கும் பாறையில் யாரும் சமரசம் பேச மாட்டார்கள்.

மலைநடை உங்கள் கையில் இருப்பது. 40 பேரை ஒரே வரிசையாக விடாமல் பத்துப் பத்தாகப் பிரியுங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர். கடைசி ஆளைத் தாண்டி யாரும் பின்தங்கக் கூடாது, அவர் போனில் மூழ்குகிறவராக இருக்கக் கூடாது. மெதுவாக நடக்கும் பிள்ளையை இரண்டாவதாக நிறுத்துங்கள், குழுவின் வேகம் தானாக அமையும். பிள்ளைகளுக்கு எண் கொடுத்து, ஒவ்வொரு கிளைப்பாதையிலும் அவர்களையே எண் சொல்ல வையுங்கள். வெயிலில் நடக்கும் மணிக்கு அரை லிட்டர் தண்ணீர் ஒரு பிள்ளைக்கு. ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை அதில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும், தோராயமாக ஒரு தம்ளரில் அல்ல. ஏப்ரல், மே மாதங்களில் ஏற்காட்டில் மதியத்துக்குமேல் இடிமழை வரும். மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் 30 எண்ணும் நேரம்கூட இல்லையென்றால் உச்சியில் இருந்து இறங்கிவிடுங்கள், தனி மரத்தடி வேண்டாம். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் பொறுத்திருங்கள். திட்டத்தில் தண்ணீரில் இறங்குவது இல்லையென்றால் ஓடை, தடுப்பணை எதிலும் கால் நனைக்கக்கூட விடாதீர்கள். பாம்பு கடித்தால் கட்டுப் போடுவதோ கீறுவதோ கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, பிள்ளையை நடக்க விடாமல் தூக்கிச் செல்லுங்கள். விஷமுறிவு மருந்து இருக்கும் அருகிலுள்ள ஆஸ்பத்திரி எது, அங்கே போக எத்தனை நிமிடம், எந்த வளைவில் சிக்னல் கிடைக்கிறது என்பதையெல்லாம் முதல்நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அனுமதி விஷயம் முக்கியம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். அதன் பிறகு தமிழ்நாட்டில் காட்டுக்குள் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. நீங்கள் நடக்கும் பாதை காப்புக்காட்டில் இருந்தால் வனத்துறையின் எழுத்து அனுமதி வேண்டும். காப்பித் தோட்டத்துப் பட்டா நிலம் என்றால் உரிமையாளர் கடிதம் வேண்டும். இரண்டில் எது என்று நிறுவனத்துக்கே சரியாகத் தெரியவில்லை என்றால் வேண்டாம். பிப்ரவரி நடுவில் இருந்து ஏப்ரல் நடுவரை காய்ந்த புல் நிற்கும் சரிவுகளுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகவே போகாதீர்கள்.

பிள்ளைகளின் மருத்துவப் படிவங்கள் பெரும்பாலும் ஆபீஸ் ஃபைலில் தங்கிவிடும். வியாழக்கிழமையே நகல் கேளுங்கள். வீசிங், வலிப்பு, ஒவ்வாமை, அண்மையில் ஆன ஆபரேஷன் ஆகிய நான்கையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். இன்ஹேலர் பஸ்ஸில் அல்ல, அந்தப் பிள்ளையின் பையில் இருக்க வேண்டும். முதலுதவிப் பெட்டியில் நாப்கின் இருக்கட்டும், இருக்கிறது என்று பெண்பிள்ளைகளிடம் தனியாகச் சொல்லியும் வையுங்கள். இல்லையென்றால் அந்தப் பிள்ளை 'வயிறு வலி' என்று சொல்லி நாள் முழுக்க ஓரமாக உட்கார்ந்திருக்கும்.

ஹார்னஸ் மாட்டும்போது பிள்ளையே மாட்டட்டும். நீங்கள் கண்ணால் பார்த்துச் சொல்லுங்கள். தொட்டுத்தான் இழுத்துப் பார்க்க வேண்டும் என்றால் 'பெல்ட்டை இழுத்துப் பார்க்கிறேன், சரியா?' என்று கேட்டுவிட்டு, எல்லோருக்கும் தெரியும்படி செய்யுங்கள். பெண்பிள்ளைகளுக்குப் பெண் பயிற்றுநர் பார்ப்பது நல்லது. நிறுவனம் உங்களை அழைக்க அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு மட்டும் தனியாக இருக்கக் கூடாது, நீங்களும்தான். பிள்ளை ஏதாவது தொந்தரவைப் பற்றிச் சொன்னால் விசாரணை நடத்தாதீர்கள், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்கும் கொடுக்காதீர்கள். போக்சோ சட்டப்படி தெரிந்தவர் போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். குழந்தைகள் உதவி எண்ணான 1098-லும் சொல்லலாம். பிள்ளைகள் படத்தை உங்கள் இன்ஸ்டாகிராமில் போட வேண்டாம்.

பணமும் பொறுப்பும். நாள் கணக்கில் வருகிறவர்களின் பெயரும் விபத்துக் காப்பீட்டில் இருக்கிறதா என்று பாலிசி நகலைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள், வாய்வார்த்தை வேண்டாம். 'பெற்றோர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், நமக்கு ஒன்றும் வராது' என்பது தவறு. கவனக்குறைவால் உயிர் போனால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவில் ஐந்து வருடம்வரை சிறை உண்டு. அதைச் சம்மதக் கடிதம் தடுக்காது. மழையால் முகாம் ரத்தானால் உங்களுக்கு என்ன தருவார்கள் என்பதையும் இப்போதே பேசுங்கள். ரத்தானால் சம்பளமே இல்லை என்றால், மழை வரும்போது 'பார்த்துக்கலாம்' என்று சொல்லத்தான் எல்லோருக்கும் தோன்றும்.

இவ்வளவையும் வாட்ஸ்ஆப்பில் ஒரே செய்தியாக அனுப்புங்கள்: வெள்ளி மாலை வருகை, தலைமைப் பயிற்றுநர் யார், கயிற்றின் வருடம், தனி பிலே, பிள்ளைக்கு எத்தனை பேர், அனுமதிக் கடிதம், மருத்துவப் படிவம், காப்பீடு. நல்ல நிறுவனம் ஒரே நாளில் பதில் அனுப்பும். இதில் பாதியை அவர்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருப்பார்கள். முதல் இரண்டு வாரக்கடைசி கீழே நிற்கும் வேலையைக் கேட்டு வாங்குங்கள், அங்கிருந்து பார்த்தால் மேலே நடப்பதெல்லாம் தெரியும். கயிறு பற்றிய கேள்விகளுக்கு மட்டும் மழுப்பினால், மலைநடையை மட்டும் ஒப்புக்கொண்டு, பாறைப் பக்கம் உங்கள் பெயரைச் சேர்க்க வேண்டாம் என்று எழுதிவிடுங்கள்.